துணி துவைக்கப் போயிருக்கிறாள்

கப்பல்
ஜனவரி 14

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணி எழுதுவது. நாங்கள் இருவரும் சௌக்கியம். உன் காது எப்படி இருக்கிறது? ஃபோனில் உனக்குப் பாதி கேட்காது, மீதியையும் கேட்டதாகச் சொல்லிவிடுவாய். அதனால் காகிதமே நல்லது. துறைமுகங்களில் கப்பல் கம்பெனியின் ஏஜெண்டு எங்களுக்கு வரும் தபாலை வாங்கி வைப்பாராம். விலாசங்கள் பின்பக்கத்தில் இருக்கின்றன.

நீ குடியிருக்கும் வீட்டில் மராமத்து முடியும்வரை எங்கள் வீட்டில் வந்து இருக்க ஒப்புக்கொண்டது பெரிய உபகாரம். நீ வருவதற்கு முன்பே நாங்கள் கிளம்ப வேண்டியதாகிவிட்டது. அண்ணனைப் பார்க்க முடியவில்லையே என்று உனக்கு மனத்தாங்கல் இருக்கும். கப்பல் யாருக்காகவும் நிற்காதே.

ஐந்து மாதத்துக்கு ஆளுக்கு ஒரு பெட்டி. மடித்து வைத்தால் இடம் போதவில்லை என்று எல்லாவற்றையும் பாய் மாதிரிச் சுருட்டி அடுக்கினேன். கம்பளித் துணி அடியில், பருத்தி மேலே. முதலில் வெயில் ஊர்கள், பிறகுதான் குளிர். உன் அண்ணன் கறுப்புக் கோட்டை எடுக்காமல் வரமாட்டேன் என்று பிடிவாதம். வேலையைவிட்டு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது, ரயிலும் மாறிவிட்டது, டிக்கெட் பரிசோதகர் கோட்டு மட்டும் மாறவில்லை. அது பாதிப் பெட்டியை அடைத்துக்கொண்டது.

அழுக்குத் துணியைப் பையில் போட்டு வாசலில் வைத்தால் கப்பல்காரர்களே துவைத்துத் தருகிறார்கள். எங்கள் தளத்திலேயே ஓர் அறையில் வாஷிங் மெஷின்கள் இருக்கின்றன, நாமாகவும் துவைத்துக்கொள்ளலாம். நான் இரண்டாவது கட்சி. பிறர் கையில் துணியைக் கொடுத்தால் எனக்கு ஆகாது.

உன் அண்ணன் ஜன்னலருகே உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பின்கட்டுக் குழாயை இறுக்கி மூடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு
அண்ணி


ஜனவரி 30

அன்புள்ள அண்ணிக்கு,

பாப்பா எழுதிக்கொள்வது. அறுபத்தொரு வயதாகியும் இந்தப் பெயரை மாற்ற யாருக்கும் மனசு வரவில்லை. நான் நலம். காது மட்டும் அப்படியே. முப்பது வருஷம் டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் ஊரார் பேச்சையெல்லாம் ஒட்டுக்கேட்டதற்கு இதுவாவது ஆக வேண்டாமா?

வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். குழாயை மூடினேன். ஊரே பொறாமைப்படுகிற கப்பலில் ஏறிப் போய்த் துணி துவைக்கிறேன் என்று எழுதுகிறீர்களே, உங்களை என்ன சொல்வது! பையில் போட்டு வாசலில் வைத்துவிட்டு, காலை நீட்டிக் காப்பி குடியுங்கள் அண்ணி.

இரண்டு விஷயம் புரியவில்லை. வாசல் கதவுக்கு உள்பக்கம், எனக்கு எட்டாத உயரத்தில், புதிதாக ஒரு கொண்டி அடித்துப் பூட்டு ஒன்று தொங்குகிறது. வெளியிலிருந்து வருகிறவனைத் தடுக்கத் தாழ்ப்பாள் போதாதா, உள்ளே இவ்வளவு உயரத்தில் பூட்டு எதற்கு? அண்ணன் கட்டிலில் மெத்தையும் புதிது, பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. படுத்தால் சரசர என்கிறது. பிரித்துவிடட்டுமா?

அண்ணனை எனக்கு இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். அவன் கையெழுத்தைப் பார்த்து வெகுநாளாகிறது.

உங்கள் இருவர் சுகமும் கேட்கும்
பாப்பா


கப்பல்
பிப்ரவரி 12

அன்புள்ள பாப்பாவுக்கு,

இருவரும் சுகம். பூட்டு, திருட்டுப் பயத்துக்குப் போட்டது. ஆசாரி உயரத்தில் அடித்துவிட்டான். மெத்தை உறையைப் பிரிக்காதே, அப்படியே இருக்கட்டும். நீ முன்னறையில் படுத்துக்கொள்.

இங்கே துவைக்கிற அறை பெரிய நாடகமேடை. நாலு மெஷின், எட்டுத் தளத்து மனிதர்கள். துணி முடிந்து ஐந்து நிமிஷம் தாமதித்தால் அடுத்தவர் அதை வாரி வெளியே வைத்துவிடுவார். போன வாரம் ஓர் ஓய்வுபெற்ற நீதிபதியும் ஒரு பல் டாக்டர் அம்மாவும் ஒரு ஈரத் துண்டுக்காகச் சத்தம் போட்டுக்கொண்டார்கள். நீதிபதிதான் தோற்றார். அறையில் இஸ்திரிப் பெட்டி வைக்கக் கூடாது, நெருப்புப் பயம். குளியலறையில் கொடி கட்டினால் கடல்காற்றில் பருத்தி இரண்டு நாளானாலும் காயாது, உப்பு பிசுபிசுக்கும்.

கப்பல் கரையில் நிற்கிற நாளில்தான் எனக்கு வசதி. எல்லோரும் ஊர் பார்க்க இறங்கிவிடுவார்கள். நாலு மெஷினும் எனக்கே.

உன் அண்ணனுக்குக் கழுத்து வழியாகப் போடுகிற பனியன் சட்டைகள் கொஞ்சம் வாங்கிவந்தேன். பொத்தான் இல்லாதது சௌகரியம். கப்பல் ஆடுவதால் கை நடுங்குகிறதாம், எழுத முடியவில்லை என்கிறார். உன்னைக் கேட்டார்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அண்ணி


பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். இங்கே சொல்லிக்கொள்கிறபடி ஒன்றுமில்லை.

உங்கள் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தேன். இதற்குள் நாலு ஊர் தாண்டியிருப்பீர்கள். ஒரு ஊரில் மழை பெய்ததா, வெயில் அடித்ததா என்றுகூட எழுதவில்லை. நான் போகாத இடம், பார்க்காத தெரு. ஒரு வரி எழுதினால் நானும் பார்த்த மாதிரி இருக்கும் என்று காத்திருந்தேன். எனக்கு வந்ததெல்லாம் ஈரத் துண்டுச் சண்டை.

இன்னொன்று. பேப்பர் எடுக்க வாசலுக்குப் போகவே சட்டை மாற்றுகிறவன் அண்ணன். கைக்குட்டைக்கு இஸ்திரி போட்டவன். அவன் பனியன் சட்டையோடு நாலு பேர் நடுவில் சாப்பிட உட்காருகிறான் என்றால் எனக்கு நம்ப முடியவில்லை. நீங்கள் சொன்னால் சரிதான்.

கப்பல் கரையில் நிற்கும்போது கை நடுங்காது அல்லவா? அப்போது எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்
பாப்பா


கப்பல்
மார்ச் 10

அன்புள்ள பாப்பாவுக்கு,

சுகம். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. அடியிலிருந்த கம்பளியை மேலே கொண்டுவந்தேன்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன், சிரி. போன வாரம் ஒருநாள் காலை நான் மெஷின் அறையில் இருந்தேன். உன் அண்ணன் தானாக எழுந்து, படுக்கிற உடுப்பின்மேல் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விட்டார். மேஜை மேஜையாக நின்று டிக்கெட் கேட்டிருக்கிறார். கப்பல்காரர்கள் ஏற்பாடு செய்த விளையாட்டு என்று நினைத்து, எல்லோரும் அறைச் சாவி அட்டையை எடுத்து நீட்டினார்கள். ஒவ்வொன்றாக வாங்கி, வெளிச்சத்தில் பார்த்து, தலையை ஆட்டித் திருப்பிக் கொடுத்தார். நான் ஈரக்கையோடு ஓடிவந்தபோது கடைசி மேஜையில் இருந்தார். அங்கே நம் ஊர்க்காரர் ஒருவரிடம் அட்டை இல்லை. உன் அண்ணன் குனிந்து, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னார்: "பரவாயில்ல சார். அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிடுங்க. நான் ஒண்ணும் எழுதல."

அந்த மனிதர் சிரிக்க வாய் திறந்தார். உன் அண்ணன் முகத்தைப் பார்த்தார். "சரிங்க, இறங்கிடறேன்" என்றார்.

கூடமே கை தட்டியது. நானும் சிரித்தேன்.

ஊரைப் பற்றிக் கேட்டாய். இந்த ஊரில் மழை.

அண்ணி


மார்ச் 22

அண்ணிக்கு,

நான் நலம். அண்ணன் தன் வேலையை வைத்து வேடிக்கை காட்ட மாட்டான். என்னிடமே காட்டியதில்லை. ஒருமுறை நான் டிக்கெட் இல்லாமல் அவன் வண்டியில் ஏறியபோது அபராதம் வசூலித்தவன் அவன்.

இனிமேல் துணியைப் பற்றி எழுதாதீர்கள். அண்ணனுக்கு என்ன? நேராக எழுதுங்கள்.

பாப்பா


ஏப்ரல் 2

அண்ணி,

பதில் இல்லை. கப்பல் அடுத்துப் போகிற இரண்டு துறைமுகங்களுக்கும் இதையே எழுதிப் போடுகிறேன், ஏதாவது ஒன்றில் உங்கள் கைக்கு வரட்டும். நன்றாக இருக்கிறீர்களா என்று மட்டும் எழுதினாலும் போதும்.

பாப்பா


கப்பல்
ஏப்ரல் 9

பாப்பா,

உன் இரண்டு கடிதமும் சேர்ந்து வந்தன. சுகம் என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். இந்தத் தடவை விட்டுவிடுகிறேன்.

போன வருஷமே டாக்டர் சொல்லிவிட்டார். நினைவு கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போகிற நோய். மாத்திரை அதை நிறுத்தாது, மெதுவாக்கும் என்றார். வீட்டில் இரண்டு முறை கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். அதற்குத்தான் பூட்டு. இப்போது பொத்தான் போடத் தெரியவில்லை. சில நாள் என்னைத் தெரிகிறது. உன்னைக் கேட்டார் என்று எழுதினேன், அது பொய்.

தினமும் காலையில் படுக்கை நனைந்திருக்கிறது. விரிப்பையும் உடுப்பையும் வாசலில் வைத்தால் விஷயம் வெளியே போகும், அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள் என்று பயந்தேன். அதனால் நானே துவைத்தேன். கரையில் நிற்கிற நாளெல்லாம் அதற்கே போனது. நான் ஒரு ஊரும் பார்க்கவில்லை. அறை சுத்தம் செய்ய வருகிறவள் என்னைவிடப் பத்து வயது சின்னவள். இரண்டாவது வாரத்திலிருந்து மடித்த விரிப்பு இரண்டு கூடுதலாகக் கதவோரம் வைத்துவிட்டுப் போகிறாள். அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஏன் கிளம்பினேன் என்று கேட்பாய். இந்தப் பயணத்துக்கு ஆசைப்பட்டு, வேலையில் இருந்தபோதே அவர் சேர்த்து வைத்த பணம். அடுத்த வருஷம் என்றால் அவருக்குக் கடல் என்றால் என்னவென்று தெரியுமோ தெரியாதோ. உன்னிடம் சொன்னால் நீ அழுவாய், நான் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குத் தெம்பில்லை. அதனால் நீ வருவதற்குள் கிளம்பினேன்.

டிக்கெட் விஷயத்துக்குப் பிறகு கப்பல் டாக்டர் கூப்பிட்டார். இறக்கிவிட மாட்டோம், ஆனால் ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடக் கூடாது, இன்னொருவர் துணைக்கு இருந்தால் நல்லது என்றார். யார் இருக்கிறார்கள் என்றேன். பிள்ளைகள் இல்லையா என்றார். இல்லை என்றேன்.

போன துறைமுகத்தில் சோப்புத்தூள் தீர்ந்துவிட்டது. அவர் தூங்கினார். அறை சுத்தம் செய்கிறவளை உட்காரவைத்துவிட்டு இறங்கினேன். முதல் தடவையாகக் கரையில் கால் வைத்தேன். சோப்புத்தூள் வாங்கினேன். எதிரே ஒரு பெஞ்சு இருந்தது, உட்கார்ந்தேன். அங்கிருந்து கப்பல் முழுசாகத் தெரிந்தது. எங்கள் ஜன்னல் எது என்று தேடவில்லை. ஏறாவிட்டால் என்ன என்று யோசித்தேன். எனக்குக் கோபம் இல்லை, அழுகையும் வரவில்லை. எந்தச் சோப்பு வாங்கலாம் என்று கடையில் யோசித்த மாதிரியேதான் இதையும் யோசித்தேன். கப்பல் ஊதியது. எல்லோரும் ஓடினார்கள். நான் எழுந்திருக்கவில்லை. மறுபடி ஊதியபோது கால் எழுந்து நடந்தது. நான் முடிவு செய்து நடந்தேன் என்று சொல்ல மாட்டேன்.

அறைக்கு வந்தேன். அவர் இன்னும் தூங்கிக்கொண்டுதான் இருந்தார். மெஷினில் துணி போட்டேன்.

நீ அவர் தங்கை. உனக்கு இதை எழுதுகிறேன். என்ன நினைத்துக்கொண்டாலும் சரி.

அண்ணி


ஏப்ரல் 17

அண்ணிக்கு,

இரண்டு நாள் உங்கள்மேல் கோபமாக இருந்தேன். பெஞ்சில் உட்கார்ந்ததற்குக் கோபமில்லை. என் அண்ணனுக்கு என்னைத் தெரிகிறபோதே ஒருதடவை வந்து உட்கார்ந்து பேசியிருப்பேனே, அதைக் கொடுக்காமல் போய்விட்டீர்கள். இதைச் சொல்லாமல் வந்தால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வருவேன். அதனால் சொல்லிவிட்டேன். தீர்ந்தது.

நான் வருகிறேன். கம்பெனி ஆபீசுக்கு நேரில் போனேன். ஃபோனில் அவர்கள் சொன்னது ஒன்றும் கேட்கவில்லை. நேரில் போனதில் அவர்களுக்கு நான் போட்ட சத்தம் நன்றாகக் கேட்டது. டாக்டர் சீட்டு அவர்களிடம் ஏற்கெனவே வந்திருந்தது. விசாவையும் விமான டிக்கெட்டையும் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம்; மே முதல் வாரத்தில் நீங்கள் வருகிற துறைமுகத்தில் ஏறிக்கொள்ளலாம், உங்கள் அறையிலேயே சோபாவை விரித்துக் கொடுப்பார்களாம்.

நான் இதுவரை பஸ்ஸில் ஒரு ராத்திரிக்கு மேல் பயணம் போனதில்லை. என்ன எடுத்துவர வேண்டும்? துணியைப் பற்றி எழுதாதீர்கள் என்று சொன்னேன். இப்போது எழுதுங்கள்.

பாப்பா


கப்பல்
ஏப்ரல் 24

பாப்பாவுக்கு,

இங்கே அப்படியேதான்.

சிறிய பெட்டியாக எடு. கட்டிலுக்கு அடியில் போக வேண்டும். பருத்திப் புடவை வேண்டாம், காயாது. கசங்காத துணி, அடர்ந்த நிறம், கறை தெரியாதது. நல்லது என்று ஒன்றே ஒன்று. வழுக்காத செருப்பு, மெஷின் அறைத் தரை எப்போதும் ஈரம். பழைய துண்டு எத்தனை கிடைத்தாலும் கொண்டுவா. என் அலமாரியின் கீழ்த்தட்டில் ரப்பர் விரிப்பு இருக்கிறது, அதையும்.

உன்னைத் தெரியாமல் போகலாம். அழுவதானால் ஏறுவதற்கு முன் அழுதுவிடு. அவர் எதிரில் வேண்டாம், கலவரப்படுகிறார்.

நீ ஏறியதும் நான் இறங்கப் போகிறேன். கப்பல் தீவுகளைச் சுற்றிவிட்டு அதே துறைமுகத்துக்குத் திரும்பும். அதுவரை கரையில் ஒரு விடுதியில் இருப்பேன். டாக்டரும் அதைத்தான் சொன்னார். டாக்டரிடம் நானாக எதுவும் கேட்கவில்லை. என் கையைப் பார்த்தார். சோப்பில் தோல் உரிந்திருந்தது.

அண்ணி


கப்பல்
மே 11

அன்புள்ள அண்ணிக்கு,

விடுதியில் தூக்கம் வருகிறதா? சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? கையில் மருந்து தடவுகிறீர்களா? நான் நலம். இரண்டு நாள் வாந்தி, இப்போது கப்பலும் நானும் சமாதானம். இந்தத் தீவில் தபால் எடுக்கிறார்கள் என்றதும் எழுதுகிறேன்.

படியில் வைத்துப் பெட்டியைக் கைமாற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனீர்கள். போகட்டும் என்று நானும் கூப்பிடவில்லை.

முதல் நாள் விரிப்பைத் துவைத்தபோது சோப்புத்தூளை அதிகம் போட்டு நுரை வெளியே வழிந்தது. பல் டாக்டர் அம்மா வந்து என்னோடு சேர்ந்து துடைத்தார். அவர் உங்களைக் கேட்டார். உங்களிடம் ஈரத் துண்டு எதுவும் பறித்ததில்லையாம். அறை சுத்தம் செய்கிறவளும் கேட்டாள்.

அண்ணனுக்கு என்னைத் தெரியவில்லை. கப்பலில் வேலை பார்க்கிறவள் என்று நினைக்கிறான். மரியாதையாக "வாங்க, உக்காருங்க" என்கிறான். அறுபது வருஷத்தில் என்னை அவன் வாங்க என்று சொன்னதில்லை. நான் ஏறுவதற்கு முன்பே அழுதுவிட்டேன், நீங்கள் சொன்னபடி. அதனால் தாங்கியது.

உங்களை அவன் மறந்துவிட்டான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டேன், தெரியவில்லை. "உங்க வீட்டுல யாரு இருக்காங்க?" என்று வேறு மாதிரிக் கேட்டேன்.

"என் வீட்டுக்காரி இருக்கா. துணி துவைக்கப் போயிருக்கா. இப்ப வந்துடுவா."

காலையில் கேட்டாலும் சாயங்காலம் கேட்டாலும் இதே பதில். கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டு சொல்கிறான். நேற்று நான் கேட்கவேயில்லை, அவனே சொன்னான்.

உங்களை வரச் சொல்லி இதை எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

பாப்பா


மே 18

பாப்பாவுக்கு,

கப்பல் நின்றதும் ஏஜெண்டு ஆள் இதை உன் கையில் கொடுப்பான். படித்து முடிப்பதற்குள் நான் கப்பல் படிக்குக் கீழே வந்திருப்பேன். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது, சொன்னாலும் கப்பல் இரைச்சலில் உனக்குக் கேட்காது.

நான் நன்றாகத் தூங்கினேன். முதல் இரண்டு நாள் தூக்கம் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை. மூன்றாம் நாள் ஊர் பார்க்கப் போனேன். ஒரு பாலம், ஒரு சந்தை, ஒரு பெரிய பூங்கா. எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. பார்த்தேன் என்று வேண்டுமானால் வைத்துக்கொள். விடுதிக்காரி என் துணியை வாங்கித் துவைத்து மடித்துக் கொடுத்தாள். பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

உன் கடிதம் வந்தது. படித்து அழுதேன் என்று எழுத ஆசைதான். அழவில்லை. அந்த வரியை மறுபடி படித்தேன், மடித்து வைத்துவிட்டு ரொட்டி வாங்கப் போனேன். கடையில் என்ன கேட்க வந்தேன் என்று மறந்துபோய் நின்றேன். பின்னால் இருந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

உண்மையைச் சொல்கிறேன். இத்தனை நாளில் நான் அவரையும் தேடவில்லை, உன்னையும் தேடவில்லை. ஆசைப்பட்டு வருகிறேன் என்று நினைக்காதே. வருகிறேன், அவ்வளவுதான். பெஞ்சிலிருந்து எழுந்தபோது கால்தான் எழுந்தது. இந்தத் தடவை நானே கிளம்பி வருகிறேன். அதில் என்ன வித்தியாசம் என்று எனக்கே இன்னும் சரியாகத் தெரியவில்லை.

வீட்டுக்குத் திரும்பியபின் நீ உன் ஊருக்குப் போக வேண்டாம். முன்னறை உனக்கு. ஒருநாள் நீ, ஒருநாள் நான். வாரத்தில் ஒருநாள் பையில் போட்டு வெளியே கொடுத்துவிடலாம். வருகிறாயா என்று கேட்கவில்லை. இரு என்று சொல்கிறேன். உனக்கு முடியாது என்றால் படியிலேயே சொல்லிவிடு, நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அவருக்கு முகம் துடைத்து, கதவைத் திறந்து வை. இன்றைக்கும் அதையே சொன்னால் ஆமாம் என்று சொல்லு.

அண்ணி